தம் கையாலேயே கருவிகள் செய்த ஜகதீச சந்திர போஸ்

விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கிவிட்டால் நம் பள்ளியில் வேறு பேச்சே இராது. டையோடு எந்தக் கடையில் கிடைக்கும், பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்தால் அதில் உள்ள கம்பிச் சுருளைப் பயன்படுத்தலாமா, சால்டரிங் செய்யும்போது கம்பியை அசையாமல் பிடித்துக்கொள்வது யார் என்று வராந்தா முழுவதும் இதே ஆலோசனைதான். உதிரிப் பாகங்கள் எல்லாம் இன்று கடையில் பொட்டலமாகக் கிடைக்கின்றன. எந்தக் கம்பி எதனோடு சேரவேண்டும் என்று படம் போட்ட தாளும் கூடவே வருகிறது. நாம் செய்யவேண்டியது படத்தைப் பார்த்துச் சேர்ப்பது ஒன்றே. அப்படியிருந்தும், ஒலிக்கவேண்டிய மணி ஒலித்துவிட்டால் நமக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

கடையும் இல்லை, படமும் இல்லை, வழிகாட்ட ஆளும் இல்லை என்ற காலத்தில், 1895-ஆம் ஆண்டு, கல்கத்தா நகர மண்டபத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் கம்பி ஏதும் இல்லாமல் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அலைகளை அனுப்பிய கருவிக்கும் அவற்றைப் பெற்ற கருவிக்கும் இடையே 75 அடி தூரம். நடுவே சுவர்கள் வேறு. இரண்டு கருவிகளும் அவரே செய்தவை. அவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

செடிகளுக்கு உயிருண்டு என்று கண்டுபிடித்தவர் என ஒரே வரியில் அவரை மனப்பாடம் செய்துவிட்டு நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். செடிகளுக்கு உயிருண்டு என்பது அவருக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த செய்தி! விதையைப் போட்டு நீர் ஊற்றிய எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். போஸ் செய்தது வேறு. அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்து அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைக் கௌரவமாக நினைத்தார்கள். இவரோ மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். முதலில் தாய்மொழியும் தன் மக்களும் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் சிறுவன் ஜகதீசனுக்கு ஒரு பக்கம் வீட்டுப் பணியாளரான இஸ்லாமியரின் மகன். மறுபக்கம் மீனவரின் மகன். மீன்களையும் பறவைகளையும் நீர்ச்செடிகளையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்மேல் ஆசையை ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார். பள்ளிக்கு அவரைத் தோளில் தூக்கிச் சென்றவன் யார் தெரியுமா? முன்னாள் கொள்ளைக்காரன்! சிறைத் தண்டனை முடிந்து பிழைக்க வழியின்றி வந்து நின்றவனை, அவனுக்குத் தண்டனை விதித்த தந்தையாரே வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பர்த்வான் என்னும் இடத்தில் தந்தையார் பணியாற்றியபோது கொள்ளைக் காய்ச்சல் பரவி ஏராளமானோர் மாண்டனர். அனாதைகளான சிறுவர்கள் தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்று அவர் ஒரு பட்டறை ஏற்படுத்தினார். மரவேலை, கடைசல் வேலை, உலோக வேலை எல்லாம் அங்கே நடந்தன. அதிகாரியின் மகன் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. அரத்தையும் சுத்தியலையும் கையில் எடுத்துக்கொண்டான். பிற்காலத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் வியந்து பார்த்த கருவிகளுக்கு வித்து ஊன்றப்பட்டது இந்தப் பட்டறையில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு கல்கத்தாவில் படிப்பு. ஹேர் பள்ளியில் சிறிது காலம், அதன்பின் புனித சவேரியார் பள்ளி, தொடர்ந்து அதே பெயருடைய கல்லூரி. அங்கே அவருக்குப் பௌதிகம் கற்பித்தவர் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த சேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் லாஃபோன். நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியர் இவரைச் சற்று நின்று பார்க்கவேண்டும். புத்தகத்தை வாசித்துக் குறிப்பெழுதச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. எதையும் சோதனை செய்து காட்டியே பாடம் நடத்துவார். கல்லூரியில் ஆய்வுக்கூடமும் வானாய்வுக்கூடமும் அமைத்தார். பொதுமக்களை அழைத்து அவர்கள் கண்முன் சோதனைகளைச் செய்து காட்டினார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது அவருக்குப் பக்கபலமாக நின்றவரும் இவரே. பிற்காலத்தில் நம் சர் சி. வி. ராமன் தம் புகழ்பெற்ற ஆராய்ச்சியைச் செய்தது அந்தக் கழகத்தில்தான். மருத்துவமா, சட்டமா, அரசாங்க உத்தியோகமா என்று இளைஞர்கள் அலைந்த காலத்தில், போஸின் மனத்தைப் பௌதிகத்தின் பக்கம் திருப்பியவர் இந்தத் துறவி.

ஆனாலும் 1880-ல் போஸ் இங்கிலாந்து சென்றது மருத்துவம் படிக்கத்தான். காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. உடலை அறுத்துப் பார்க்கும் கூடத்தின் நெடி நோயை மேலும் வளர்த்தது. மருத்துவத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர். கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பி, 1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார்.

இங்கேதான் சோதனை வந்தது. ஆய்வுக்கூடச் சோதனை அன்று! அந்நாளில் இந்தியப் பேராசிரியருக்கு ஆங்கிலேயப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்கு. அவர் கூச்சலிடவில்லை, வேலையை விட்டுப் போகவும் இல்லை. குறைந்த சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ அல்ல, மூன்று ஆண்டுகள்! ஒரு நாள் தவறாமல் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். முடிவில் மேலிடம் இறங்கிவந்தது. முழுச் சம்பளத்தோடு பணி நிரந்தரமாயிற்று. பழைய பாக்கியும் மொத்தமாகக் கிடைத்தது. பொதுநலத் தொழில் முயற்சிகளில் தந்தையார் பட்டிருந்த கடனை அடைக்க அந்தப் பணம் போயிற்று.

சம்பளம் வாங்காதவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? வரலாறு எழுதுவோர் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் கேட்போம். 1887-ல், அந்தச் சம்பளமில்லாக் காலத்திலேதான், போஸ் அபலா தாஸ் என்னும் மங்கையை மணந்தார். அபலா மருத்துவராக விரும்பியவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. ஆகவே 1882-ல், பதினேழு வயதை ஒட்டிய பருவத்தில், வங்காள அரசின் உதவித்தொகையோடு நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் கால் வைப்பதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. உடல்நலக் குறைவால் அவரால் படிப்பை முடிக்க இயலவில்லை. மணமான புதிதில், செலவைக் குறைக்கவேண்டி, இருவரும் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகரில் குடியிருந்தார்கள். காலையில் ஒரு சிறு படகில் கணவரோடு ஆற்றைக் கடந்து அவரை அக்கரையில் விட்டுவிட்டு, அபலா தாமே துடுப்புப் போட்டுத் தனியாகத் திரும்புவார். கங்கையின் கிளையான ஹூக்ளி சிறிய வாய்க்கால் அல்ல என்பதைத் தோழியர் நினைவில் வைக்கவேண்டும். சம்பளம் வாங்காத பிடிவாதத்தில் பாதி அபலா அம்மையாருடையது என்றே நாம் கணக்கு வைக்கிறோம்.

இனி அலைகளுக்கு வருவோம். ஒளி என்பது ஒருவகை மின்காந்த அலை என்றும், கண்ணுக்குத் தெரியாத நீண்ட மின்காந்த அலைகளும் இருக்கவேண்டும் என்றும் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் மின்பொறியை உண்டாக்கி அந்த அலைகளை மெய்யாகவே எழுப்பிக் காட்டினார். ஆனால் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளன்று 36 வயதில் அவர் இறந்துபோனார். அவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி அதே ஆண்டு ஆலிவர் லாட்ஜ் லண்டனில் சொற்பொழிவு ஆற்றினார். அச்சான அந்தச் சொற்பொழிவு கடல் கடந்து போஸின் கைக்கு வந்தது. 1894 நவம்பர் 30. அன்று போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனித் தம் வாழ்நாளை ஆராய்ச்சிக்கே கொடுப்பது என்று அன்று உறுதி செய்துகொண்டார்.

உறுதி இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் குளியலறையை ஒட்டி ஒரு சிறு தடுப்பு இருந்தது. பரப்பு 24 சதுர அடி. ஆறடிக்கு நாலடி என்று வைத்துக்கொண்டால், நம் வகுப்பில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் நிரம்பிவிடும். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் அங்கே வேலை. கருவிக்குப் பணம் தம் சொந்தப் பையிலிருந்து. உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தொழிலாளிக்குப் போஸ் பொறுமையாக வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு மயிரிழை விலகினாலும் பயன்படாத கருவிகள் அந்தக் கைகளிலிருந்து பிறந்தன.

போஸ் செய்த முதல் நல்ல காரியம் அலையைச் சுருக்கியது. இது ஏன் பெரிய காரியம் என்று விளக்குவோம். அலைகள் ஒளியைப் போலவே திரும்புகின்றனவா, வளைகின்றனவா என்று பார்க்கக் கண்ணாடியும் லென்ஸும் முப்பட்டகமும் வேண்டும். அவை அலையின் நீளத்தைவிடப் பெரியவையாக இருந்தால்தான் சோதனை சரியாக வரும். ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலை அறுபது சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது. எனவே அவர் கீலை வார்த்து ஆள் உயரத்தை நெருங்கிய முப்பட்டகம் செய்யவேண்டியிருந்தது. அதன் எடை அரை டன்னுக்கும் அதிகம்! போஸோ சின்னஞ்சிறு உலோகக் குண்டுகளுக்கு இடையே பொறியை எழுப்பி, 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைப் பெற்றார். அரிசிமணி நீளத்து அலை என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். உடனே கருவிகள் எல்லாம் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது அவற்றைப் பெட்டியில் அடுக்கிக் கையோடு எடுத்துப்போக முடிந்தது.

அந்தக் கருவிகள் எவற்றால் ஆனவை என்று பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. லென்ஸ் கந்தகத்தால் ஆனது. அலைகளைத் திரட்டி உள்ளே வாங்கிக்கொள்ள, நாம் எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தும் புனலைப்போல வாய் அகன்ற உலோகக் குழாய். கொம்பு ஆன்டெனா என்று இன்றைய பொறியாளர்கள் சொல்வது அதன் மரபில் வந்ததுதான். ஏற்பியில் எஃகுச் சுருள்வில்கள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். வங்காளத்தின் ஈரக்காற்றில் அவை துருப்பிடித்துவிடாதபடி கோபால்ட் முலாம் பூசினார்.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது புத்தகக் கருவி. அதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு, ஒரு முனையை ஒரு தோழி பிடித்துக்கொள்ள, மறுமுனையை மேலும் கீழும் உதறுங்கள். நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே அலை தடையின்றிச் செல்லும். பக்கவாட்டில் உதறினால் கம்பியில் மோதி நின்றுவிடும். அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று இப்படித் தரம் பிரிப்பதைத்தான் தளவிளைவு என்கிறோம். மின் அலைக்கு இத்தகைய ஜன்னல் எங்கே கிடைக்கும்? போஸ் பிராட்ஷா இரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, தாள்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். புத்தகத்தை ஒருவிதமாகப் பிடித்தால் அலை ஊடுருவிச் செல்லும். கால் வட்டம் திருப்பினால் தடைபடும். தகடு இல்லாத வெறும் புத்தகமே இந்த வேலையை ஓரளவு செய்கிறது என்றும் காட்டினார். நம் பாடப் புத்தகங்கள் இப்படியும் பயன்படும் என்று தெரிந்தால் சிலருக்கு அவற்றின்மேல் புதிய பற்று உண்டாகலாம்!

இன்னொன்று சணல். சர்க்கரைக் கரைசல் வழியாகச் செல்லும் ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்பிவிடுகிறது. சர்க்கரையின் நுண்துகள்களே முறுக்கிய அமைப்பு உடையவை என்பதுதான் அதற்குக் காரணமோ? துகளைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அலையைப் பெரிதாக்கினால் துகளையும் பெரிதாக்கலாமல்லவா? வங்காளத்தில் மூலைக்கு மூலை கிடைக்கும் சணலை எடுத்துக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கி, அந்தக் கட்டுகளின் வழியே மின் அலையை அனுப்பினார். வலப்பக்கம் முறுக்கிய சணல் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. இடப்பக்கம் முறுக்கியது மறுபக்கம் திருப்பியது. 1898-ல் இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. சாக்குப் பை தைக்கும் சணலில் இப்படி ஒரு பாடம் இருக்கிறது என்று அதுவரை யார் எண்ணினார்கள்?

தமது முதல் கட்டுரையை 1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் போஸ் படித்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1896-ல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு லிவர்பூலில் விஞ்ஞானிகள் கூடிய பேரவையில் கருவிகளை இயக்கிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த கெல்வின் பிரபு கால் ஊனமுற்றவர், முதியவர். அவர் மெல்லப் படியேறிப் பெண்கள் அமர்ந்திருந்த மாடத்துக்கு வந்து, அபலா அம்மையாரின் கைகளைப் பற்றிக் கணவரின் சாதனைக்காக வாழ்த்தினார். துடுப்புப் போட்ட கைகள் அவை! 1897 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை மாலை, பாரடே வாழ்ந்து பணியாற்றிய ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸின் சொற்பொழிவு நடந்தது.

அடுத்துச் சொல்லப்போவது கலீனா என்னும் கல்லின் கதை. காரீயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது, கறுத்துப் பளபளக்கும். ஒரு கூரிய முனை அதைத் தொடும் இடத்தில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகச் செல்லும், எதிர்த்திசையில் தயங்கும். இக்குணத்தை 1874-லேயே ஜெர்மானியரான பிரௌன் கண்டிருந்தார். மின் அலைகளைக் கண்டறியும் கருவியாக அதைப் பக்குவப்படுத்தியவர் போஸ். கிரிஸ்டல் வானொலி செய்து பார்த்த தோழியருக்கு இதன் அருமை தெரியும். அட்டைக் குழாயில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நூறு சுற்றுச் சுற்றவேண்டும். அதனோடு ஒரு மாறும் கண்டென்சர், காதில் வைக்கும் ஒலிபெருக்கி, உயரத்தில் கட்டிய ஏரியல், நிலத்தில் புதைத்த எர்த் கம்பி. நடுவில் ஒரு டையோடு. மின்கலமே வேண்டாம்! அருகில் வலுவான மத்திய அலை நிலையம் இருந்தால் அலையின் சக்தியிலேயே பேச்சு மெல்லக் கேட்கும். நமக்குக் கடையில் ஜெர்மானியம் டையோடு கிடைத்தது. அந்த டையோடு பிறப்பதற்கு முன் பல ஆண்டுக் காலம் அவ்விடத்தில் இருந்து வேலை செய்தது கலீனாக் கல்லும் அதைத் தொட்டு நின்ற மெல்லிய கம்பியுமே.

போஸ் தம் கருவிகளை ஒளித்துவைக்கவில்லை. மேடையில் திறந்து காட்டினார், எவரும் செய்துகொள்ளும்படி எழுதினார். 1901-ல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரைத் தேடிவந்து, கண்டுபிடிப்பைப் பதிவு செய்துகொண்டால் பெருஞ்செல்வம் கிட்டும் என்று வற்புறுத்தினார். போஸ் இணங்கவில்லை. பண ஆசை மனிதரை எப்படி ஆட்டிவைக்கிறது என்று வருந்தி நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் விடவில்லை. அவர்கள் முயற்சியால் அமெரிக்காவில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டு, 1904 மார்ச் 29-ஆம் நாள் 755840 என்ற எண்ணுள்ள காப்புரிமை போஸுக்குக் கிடைத்தது. அரைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை இதுவே என்று கருதப்படுகிறது. அதைக் கொண்டு அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. உரிமை காலாவதியாகும்படி விட்டுவிட்டார்.

இது சரியா, தவறா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. அறிவு காற்றைப் போல எல்லோருக்கும் பொது, அதற்கு விலை வைக்காத அவரே உண்மையான முனிவர் என்று சிலர் கூறினோம். வேறு சிலர் ஒப்பவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் 24 சதுர அடி அறையிலிருந்து அன்றே வெளியேறியிருக்கலாம், சொந்த ஆராய்ச்சி நிலையம் அமைக்க 1917 வரை காத்திருக்க வேண்டியதில்லை, பல ஏழை மாணவர்களுக்கு வேலை கொடுத்திருக்கலாம் என்றார்கள். மணியடித்துவிட்டது, வாதம் முடியவில்லை. இதை எழுதும்போதும் நம் மனம் இரு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்க்கோனியின் பெயரை இங்கே சொல்லாமல் தீராது. 1901 டிசம்பர் 12 அன்று அட்லாண்டிக் மாகடலைத் தாண்டி வந்த சைகையை நியூபவுண்ட்லாந்தில் அவர் கேட்டார். 1909-ல் பிரௌனோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். அன்று அவர் காதில் ஒலித்த கருவி பாதரசத்தால் அமைந்தது. இத்தாலியக் கடற்படை நண்பர் ஒருவர் கொடுத்தது. அத்தகைய பாதரசக் கருவியை 1899-லேயே போஸ் லண்டன் ராயல் கழகத்தின் வாயிலாக விவரித்திருந்தார் என்றும், மார்க்கோனி கையாண்டது போஸின் அமைப்பே என்றும் 1998-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று ஆதாரங்களோடு வாதிட்டது. இதைப் படித்தவுடன் மார்க்கோனியைத் திருடர் என்று ஏசுவது நியாயமாகாது. கடல் கடந்து செய்தி அனுப்பவேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவர் அவர். போஸுக்கோ செய்தி அனுப்புவதில் நாட்டம் இல்லை. அலையின் இயல்பை அறிவதே குறி. ஆனால் வானொலியின் வரலாற்றைச் சொல்லும்போது ஒருவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமன்று. 2012-ல் ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் சங்கம், 1894 முதல் 1896 வரை போஸ் நடத்திய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை விஞ்ஞான வரலாற்றின் மைல்கல் என்று அறிவித்து, கொல்கத்தாவில் நினைவுப் பலகை பதித்தது. அந்த மில்லிமீட்டர் அலைகளை நெடுங்காலம் அதிகம் பேர் சீண்டவில்லை. இன்று 5ஜி தொலைபேசியிலும் மோட்டார் வண்டி ரேடாரிலும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

1900-க்குப் பிறகு போஸ் செடிகளின் பக்கம் திரும்பினார். காரணம் கருவிதான். இடைவிடாமல் வேலை வாங்கினால் தம் ஏற்பி களைத்துப்போவதையும், ஓய்வு கொடுத்தால் தெளிவதையும் அவர் கவனித்தார். உலோகமே களைக்கும் என்றால் செடி என்ன செய்யும் என்று தொடங்கிய கேள்வி அவரைத் தொட்டாற்சுருங்கியிடமும் தொழுகண்ணியிடமும் கொண்டுபோய் நிறுத்தியது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியை அமைத்தார். கடிகார இயந்திரமும் புகையேற்றிய கண்ணாடித் தட்டுமாக அமைந்த அதனை இந்தியத் தொழிலாளரே செய்தார்கள். செடிகளைப் பற்றி அவர் கூறிய முடிவுகள் எல்லாவற்றையும் தாவரவியலார் ஏற்கவில்லை. சிலவற்றைப் பற்றி நீண்ட காலம் சண்டையே நடந்தது. கருவியின் நுட்பமோ பலரை வியக்கவைத்தது.

1915-ல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30, தம் 59-ஆம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். புத்தகங்கள் எழுத உதவிய நிவேதிதை அம்மையார் 1911-லேயே மறைந்துவிட்டார். அவர் நினைவாக, கையில் விளக்கேந்திய பெண்ணின் சிற்பம் அங்கே வைக்கப்பட்டது. லண்டன் ராயல் கழகம் 1920-ல் போஸைத் தன் உறுப்பினராக ஏற்றது.

அபலா அம்மையார் 1919-ல் நாரி சிக்ஷா சமிதி என்னும் சங்கத்தைத் தொடங்கி, வங்காளத்துக் கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் ஏற்படுத்தினார். கைம்பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்து ஆசிரியைகளாக்க வழி செய்தார். தாம் மருத்துவராக முடியாமற்போனதை அவர் எப்படி ஈடு செய்துகொண்டார் என்பதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

1937 நவம்பர் 23 அன்று, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கிரிதி என்னும் ஊரில் போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும். அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்தார். 24 சதுர அடி அறையில் பிறந்த கருவிகள் பலவும் போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கண்காட்சிக்குக் கருவி செய்யும் தோழியர் என்றேனும் கொல்கத்தாவுக்குப் போக வாய்ப்பு நேர்ந்தால், அவற்றைப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கும் சொல்லவேண்டும்.